அடுத்த சுற்றுக்கு எந்த நாவல்?

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஏழு பேர் இருக்கிறோம். இரண்டு மாதங்களுக்கு ஒரு நாவலை எடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பேசுவது எங்கள் வழக்கம். இதுவரை படித்தவை பெரும்பாலும் தமிழ் நாவல்களும், தமிழில் வந்த ருஷ்ய, வங்காள, மலையாள மொழிபெயர்ப்புகளும்தான். இந்த முறை அறிவியல் புனைவோ மிகுபுனைவோ ஒன்றை ஆங்கிலத்திலேயே படித்துப் பார்க்கலாம் என்று முடிவாகி, எதைப் படிக்கலாம் என்று பரிந்துரைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்காகவே கடந்த ஏழு மாதங்களாக இந்த வகை நாவல்களை மட்டும் படித்துவந்தேன். எங்களைப் போன்ற வேறு வாசகர்களுக்கும் பயன்படலாம் என்பதால், என் முடிவைக் காரணங்களோடு இங்கே எழுதுகிறேன். கதைகளின் முக்கியமான திருப்பங்களை முடிந்தவரை சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

எங்கள் நிலையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒருவர் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். இருவர் பள்ளி ஆசிரியர்கள். ஒருவர் அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருவர் கல்லூரி மாணவி. என்னையும் சேர்த்து மற்ற இருவர் அலுவலகம் செல்பவர்கள். எல்லோருக்கும் ஆங்கிலம் படிக்க வரும். ஆனால் தமிழில் ஒரு மணி நேரத்தில் ஐம்பது பக்கம் படித்துவிடுபவர் ஆங்கிலத்தில் இருபது பக்கத்தோடு களைத்துப்போவார். சுஜாதாவின் அறிவியல் கதைகளை வார இதழ்களில் தொடராகப் படித்தவர்கள் எங்களில் மூவர். அதற்கு அப்பால் இந்த வகை எழுத்து எங்களுக்குப் புதிது.

இவ்வகை நாவல் எதை எடுத்தாலும், முதல் ஐம்பது பக்கங்களில் வாசகர் நள்ளிரவில் முன்பின் தெரியாத ஊரில் பேருந்திலிருந்து இறங்கியவரைப் போலத்தான் நிற்பார். எந்தத் தெரு எங்கே போகிறது என்று தெரியாது. காதில் விழும் பெயர்கள் ஊரா, ஆளா என்பதும் புரியாது. அந்தத் தெரியாமையை ஒரு நாவல் என்ன செய்கிறது என்பதையே நான் முதன்மையாகக் கவனித்தேன். பக்க அளவையும் ஆங்கிலத்தின் கடினத்தையும் பார்த்தேன் என்றாலும், இரண்டு மாலைகள் கூடி உட்கார்ந்து பேசுவதற்கு அந்த நூலில் விஷயம் இருக்கிறதா என்ற கேள்விதான் கடைசியில் தேர்வைத் தீர்மானித்தது.

ஆண்டி வியரின் 'புராஜெக்ட் ஹெயில் மேரி' 2021இல் வெளிவந்தது. நீண்ட மயக்கத்திலிருந்து ஒருவன் கண் விழிக்கிறான். இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று ஒரு கணினிக் குரல் கேட்கிறது. தன் பெயர்கூட அவனுக்கு நினைவில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க அவன் செய்யும் முதல் காரியம் என்னை மிகவும் கவர்ந்தது. அளவு நாடாவையும் நிறுத்துக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரு பொருளை உயரத்திலிருந்து விழவிட்டு, அது தரையைத் தொட ஆகும் நேரத்தை அளந்து, அங்குள்ள ஈர்ப்பு பூமியில் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்கு என்று கணக்கிடுகிறான். பள்ளி இயற்பியல் பாடம்தான் அது. தன் பெயரை மறந்தவனுக்கு அந்தச் சூத்திரம் மறக்கவில்லை. அவன் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பித்தவன் என்பது பின்னர் தெரியவரும்போது, நம் வட்டத்து ஆசிரியர்கள் இருவரும் மகிழ்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சூரியனின் ஆற்றலைத் தின்று அதை மங்கச்செய்யும் நுண்ணுயிர்கள், அந்தத் தொற்றுக்கு ஆளாகாமல் நிற்கும் டௌ செட்டி என்னும் விண்மீன், அதை நாடிச் சுமார் 12 ஒளியாண்டு தூரம் போகும் ஒரு கலம் எனக் கதை ஓட்டமாக ஓடுகிறது. ஆங்கிலமும் எளிது.

இருந்தும் இதை நான் வட்டத்துக்குப் பரிந்துரைக்கவில்லை. இந்த நாவல் தெரியாமையைக் கணக்குப் புத்தகத்தின் வினாவாக வைத்துக்கொள்கிறது. ஒரு சிக்கல் எழுந்தால் பத்துப் பதினைந்து பக்கங்களுக்குள் விடை வந்துவிடும். இசைச்சுரங்களால் பேசி, ஆறை அடிப்படையாகக் கொண்டு எண்ணும் வேற்றுலக உயிர் ஒன்று வருகிறது. அந்த நட்பு நெஞ்சைத் தொடுவது உண்மை. ஆனால் இரண்டு உலகங்களுக்கு நடுவே இருக்க வேண்டிய மொழிச்சுவர், ஒரு மடிக்கணினியும் சில நாள் உழைப்பும் கொண்டு தாண்டிவிடக்கூடியதாகச் சுருங்கிவிடுகிறது. பிற மொழி இலக்கியம் படித்துப் பழகிய எங்களுக்கு இது போதாது. வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். சுமார் 480 பக்கங்களையும் ஒரு விடுமுறையில் முடித்துவிடும்.

லியூ சிஷினின் 'தி த்ரீ-பாடி பிராப்ளம்' இதற்கு நேர்மாறானது. சீனாவில் 2006இல் இதழொன்றில் தொடராக வந்து, 2008இல் நூலான இந்த நாவலை, கென் லியூ 2014இல் ஆங்கிலத்தில் தந்தார். மறு ஆண்டு, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் வழங்கப்படும் ஹியூகோ விருதைச் சிறந்த நாவலுக்காகப் பெற்றபோது, அவ்விருதை வென்ற முதல் மொழிபெயர்ப்பு நாவலாக இது அமைந்தது. தொடக்கம் 1967, மாவோவின் பண்பாட்டுப் புரட்சிக் காலம். ஓர் இயற்பியல் பேராசிரியரை மேடையில் நிறுத்திச் அந்தப் புரட்சியின் மாணவர் படையான செங்காவலர்களில் சில பிள்ளைகள் அடித்தே கொல்கிறார்கள். கூட்டத்தில் நின்று அவருடைய மகள் அதைப் பார்க்கிறாள். சீனப் பதிப்பில் இந்தப் பகுதி நூலின் நடுவில் இருந்தது என்பதும், ஆங்கிலத்தில்தான் முன்னால் வந்தது என்பதும் தெரிந்தபோது எனக்குச் சிறு அதிர்ச்சியாக இருந்தது. இந்த மரணத்தை முதலில் படிப்பவருக்கும் பாதியில் படிப்பவருக்கும் அந்த மகள் பின்னர் எடுக்கும் முடிவு ஒன்றுபோல் படாது. இது மட்டுமே ஒரு மாலை முழுவதும் பேசத் தக்கது.

அந்த அத்தியாயத்தைத் தாண்டிய பிறகு மனிதர்கள் சதுரங்கக் காய்களாகிவிடுகிறார்கள் என்பதே என் குறை. கருத்துகள் பிரமாண்டமானவை: மூன்று கோடிப் போர்வீரர்கள் கறுப்பு வெள்ளைக் கொடிகளை உயர்த்தியும் தாழ்த்தியும் ஒரு பெருங்கணினியாகவே இயங்கும் காட்சியைப் படித்தபின் புத்தகத்தை மூடிவைத்துச் சற்று நேரம் சும்மா இருந்தேன். ஆனால் அந்தக் காட்சியில் நிற்கும் யார் முகமும் எனக்கு நினைவில் இல்லை. மேலும் இது மூன்று நூல்களின் முதல் பகுதி; இதை மட்டும் படித்து நிறுத்துவது நெடும்பயணத்தில் முதல் சந்திப்பிலேயே இறங்கிவிடுவது போலாகும். மூன்றையும் படிக்க எங்கள் வேகத்துக்கு ஓராண்டு வேண்டும்.

என். கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீஸன்' (2015) நான் படித்தவற்றுள் மிகத் துணிச்சலான நாவல். அதை முதல் நூலாகக் கொண்ட தொடரின் மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் ஹியூகோ விருது பெற்றன. அதற்கு முன் எவரும் அப்படிப் பெற்றதில்லை. வாசகரை 'நீ' என்று விளித்தே கதையின் ஒரு பகுதி நடக்கிறது. ஆனால் அது தொடங்குவதே ஒரு தாய் தன் சின்னஞ்சிறு மகனின் உடலைக் காண்பதில்தான். எங்கள் வட்டத்தில் அண்மையில் பிள்ளையை இழந்தவர் ஒருவர் இருக்கிறார். அவரை எதிரில் உட்காரவைத்து அந்தப் பக்கத்தைப் பேச என்னால் முடியாது. ஆகவே இதை ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை.

மிஞ்சுபவை இரண்டு. இவற்றுக்கு நடுவேதான் நான் மூன்று வாரம் ஊசலாடினேன்.

சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' 2020இல் வந்தது. 2021ஆம் ஆண்டின் பெண்கள் புனைவுப் பரிசைப் பெற்றது. சுமார் 250 பக்கம். முடிவில்லாத மண்டபங்களைக் கொண்ட ஒரு மாளிகை, மண்டபமெங்கும் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல் புகுந்து அலையடிக்கிறது, மேல்தளத்தில் மேகங்கள் தவழ்கின்றன. அங்கே வாழும் ஒருவனின் நாட்குறிப்புதான் நாவல். உலகம் தோன்றிய நாள் முதல் இருந்தவர்கள் மொத்தம் பதினைந்து பேர் என்று அவன் நம்புகிறான்; அவர்களில் பதின்மூவரை எலும்புகளாகவே அறிவான். அந்த எலும்புகளுக்கு உணவும் நீரும் மலரும் கொண்டுபோய்ப் படைக்கிறான். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, ஆடி அமாவாசைக்கு இலை போட்டுப் படைக்கும் என் பாட்டியின் கைகள் கண்முன் வந்தன. யார் எவர் என்று பெயர் தெரியாத முன்னோருக்கும் ஓர் உருண்டை வைப்பார்.

ஒரு சிறு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன். ஒரு நாள் அல்பட்ரோஸ் பறவை ஒன்று மாளிகைக்குள் வருகிறது. பிறகு இணையோடு கூடு கட்ட முற்படுகிறது. கூட்டுக்குப் போதிய பொருள் அங்கே இல்லை. அவனிடமோ குளிருக்கு மூட்டிக்கொள்வதற்காகச் சேமித்த உலர்ந்த கடற்பாசி இருக்கிறது. அதில் எவ்வளவு கொடுத்தால் தான் எத்தனை நாள் குளிரில் இருக்க நேரும் என்று கணக்குப் போடுகிறான். உலகத்துக்கு ஒரு புதிய அல்பட்ரோஸ் வருவதை எண்ணினால் சில நாள் குளிர் ஒரு பொருட்டா என்று கேட்டுக்கொண்டு, கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறான். அந்த ஆண்டுக்கே அப்பறவை வந்த ஆண்டு என்று பெயரிடுகிறான். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் படித்து வளர்ந்தவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். ஆனால் பாரி அரசன். வேறு தேர் செய்துகொள்வான். இவனுக்குக் காலணிகூட இன்னொருவர் கொடுத்ததுதான்.

இந்த நாவலில் தெரியாமை வாசகருக்கு மட்டும் உரியதாக இல்லை. சொல்பவனுக்கும் தெரியாது, தனக்குத் தெரியாது என்பதும் தெரியாது. அவனுக்கு முன்பே நாம் சிலவற்றை ஊகித்துவிடுகிறோம். ஊகித்தபின் அவனுக்காக நெஞ்சு பதைக்கிறது. நான் இந்த ஏழு மாதத்தில் படித்தவற்றுள் அழகிலும் கட்டமைப்பிலும் முதலிடம் இதற்குத்தான். ஆங்கிலமும் தெளிந்த நீர்போல இருக்கிறது.

அப்படியானால் இதையே தேர்ந்தெடுக்கலாமே என்று கேட்கலாம். எங்கள் முறைதான் இதற்குப் பொருந்தவில்லை. நாங்கள் பாதி நூலைப் படித்துவிட்டு ஒருமுறை கூடுகிறோம். அந்தப் பாதியில் ஒருவர் உண்மையை ஊகித்திருப்பார், இன்னொருவர் ஊகித்திருக்க மாட்டார். முந்தியவர் வாய் திறந்தால் பிந்தியவருக்குப் போனது போனதுதான். அந்தக் கண்டறிதல் வாழ்நாளில் ஒரே ஒருமுறை கிடைப்பது. இரண்டாவது காரணம், முடித்தபின் எனக்கு இதைப் பற்றிப் பேசத் தோன்றவில்லை என்பது. வீட்டில் எல்லோரும் உறங்கியபின் மொட்டை மாடியில் போய் நின்றேன், அவ்வளவுதான். கூடிப் படிப்பதற்கு உரியதென்று இதைச் சொல்ல மனம் வரவில்லை.

ஆர்க்கடி மார்டினின் 'எ மெமரி கால்டு எம்பயர்' 2019இல் வெளிவந்து, 2020இல் ஹியூகோ விருது பெற்றது. ல்செல் என்னும் சிறு விண்வெளி நிலையத்தில் முப்பதாயிரம் பேர் வாழ்கிறார்கள். அங்கிருந்து மஹித் என்ற இளம்பெண், டெய்ஷ்கலான் என்ற மாபெரும் பேரரசின் தலைநகருக்குத் தூதராக அனுப்பப்படுகிறாள். அவளுக்கு முன்பிருந்த தூதர் இறந்துவிட்டார், எப்படி இறந்தார் என்று யாரும் வாய் திறக்கவில்லை. ல்செல் மக்களிடம் ஒரு மறைபொருள் உண்டு: முன்னோரின் நினைவுகளைச் சிறு கருவியாகத் தலைக்குள் பொருத்திக்கொண்டு, அவர்கள் குரலைத் தம் மனத்துக்குள்ளேயே கேட்டு வாழ்வார்கள். மஹித்தின் தலைக்குள் இருப்பது இறந்த தூதரின் நினைவு. அதுவும் பதினைந்து ஆண்டு பழையது.

கொலை விசாரணையாகவும் அரசியல் சூழ்ச்சியாகவும் கதை போகிறது. ஆனால் நாவலின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. மஹித் சிறு வயதிலிருந்தே அந்தப் பேரரசின் கவிதைகளைக் காதலித்தவள். அதன் மொழியில் கனவு கண்டவள். அந்த மொழியிலோ உலகம், தலைநகரம், பேரரசு மூன்றுக்கும் ஒரே சொல்தான்; அதற்கு வெளியே பிறந்தவர்களுக்குக் காட்டுமிராண்டி என்று பெயர். தான் நேசிக்கும் மொழி தன்னை என்ன பெயரிட்டு அழைக்கிறது என்று அறிந்தவாறே அதில் அவள் பேசியாக வேண்டும். அரண்மனை விருந்தொன்றில், நின்ற இடத்தில் கவி பாடும் போட்டி நடக்கிறது. நம் ஆசுகவிகளின் அரங்கை எண்ணிக்கொள்ளலாம். ஒவ்வோர் அடியும் அவளுக்குப் புரிகிறது, எந்தப் பழங்கவிதையை எது தொட்டுச் செல்கிறது என்பதும் தெரிகிறது. ஆனால் தன்னால் ஒருநாளும் அப்படிப் பாட முடியாது என்பதும் தெரிகிறது.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் தந்தை இறந்த அன்று அலுவலகத்துக்கு விடுப்புக் கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில், ஒரு பிழையும் இல்லாமல், பத்து நிமிடத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். பிறகு ஊரிலிருந்த அத்தைக்குத் தொலைபேசியில் சொல்ல எடுத்தபோது எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. ஆங்கிலம் எனக்குத் தந்தது என்ன, எடுத்துக்கொண்டது என்ன என்று அன்று முதல் யோசித்திருக்கிறேன். மஹித்தின் கதையில்தான் அந்தக் கேள்வியை இன்னொருவர் கேட்கக் கேட்டேன். இந்த நாவலை நாம் ஆங்கிலத்தில் படிக்கப்போகிறோம் என்பதே இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். இரவு முழுவதும் நோயாளிகளிடம் தமிழில் பேசிவிட்டுப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதும் செவிலியருக்கும், தமிழ் வழியில் படித்துக் கல்லூரிக்குப் போன மாணவிக்கும் சொல்வதற்கு என்னைவிட அதிகம் இருக்கும்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அங்கேதான் திகைத்துப் புத்தகத்தை மூடுகிறார்கள். பேரரசில் ஒவ்வொருவர் பெயரும் ஓர் எண்ணும் ஒரு பொருளும் சேர்ந்தது. மெக்சிகோவின் பழைய மிஷ்டெக் மக்களிடம் இப்படிப் பெயரிடும் முறை உண்மையாகவே இருந்தது. எட்டு மான் என்பது 11ஆம் நூற்றாண்டில் பிறந்த அவர்களுடைய புகழ்பெற்ற அரசரின் பெயர். நாவலில் மஹித்துக்குத் துணையாக வரும் அதிகாரியின் பெயரைத் தமிழில் சொன்னால் 'மூன்று கடற்புல்'. பேரரசரின் பெயர் 'ஆறு திசை'. எல்லோரும் அஞ்சும் அவருடைய ஆலோசகரின் பெயரை ஆங்கிலத்தில் படித்தபோது அந்தக் கருவி எதுவென்று அகராதி பார்க்க வேண்டியிருந்தது. தச்சர்கள் மரம் செதுக்கும் வாய்ச்சி! 'பத்தொன்பது வாய்ச்சி' என்று வாய்விட்டுச் சொன்னபோதுதான் அந்தப் பெண்மணியின் கூர்மை எனக்கு உறைத்தது. அவள் வருகை கத்தி முனையின் ஒளிபோல் அறையை விளக்கும் என்று அரசவையில் அவளுக்கு அடைமொழியும் உண்டு. குடியேறி வந்த ஒருவர் எண்ணோடு ஒரு பனிநில வண்டியின் பெயரைச் சூட்டிக்கொண்ட கதை வரும் இடத்தில் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பில் மஹித்தும் சேர்ந்துகொள்கிறாள் என்பதைக் கவனித்தால் சிரிப்பு பாதியில் நிற்கும்.

குறைகளும் உண்டு. 450 பக்கங்களைத் தாண்டும் நூலில் நடுப்பகுதி தளர்கிறது. அறைக்குள் அமர்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மர்மத்தின் முடிச்சுகள் அவிழ்வது சில இடங்களில் தற்செயலால்தான். சாய்வெழுத்தை ஆசிரியர் மிகுதியாகப் பயன்படுத்துவது எனக்குச் சலிப்பூட்டியது. முதல் மூன்று அத்தியாயங்களின் ஆங்கிலம் நாம் பேசும் ஆங்கிலம் இல்லை. ஆயினும் மார்டின் பைசாந்தியப் பேரரசின் வரலாற்றை ஆய்ந்தவர். ஒரு பேரரசு சிறு நாட்டை விழுங்கும்போது முதலில் என்ன கேட்கும், எப்படி இனிமையாகக் கேட்கும் என்பதை அறிந்து எழுதியிருக்கிறார். அடுத்த பகுதியும் வந்திருக்கிறது என்றாலும் இந்தக் கதை இதிலேயே முடிந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட, இதில் தெரியாத இடங்களைச் சேர்ந்து உட்கார்ந்தால்தான் தெளிவுபடுத்திக்கொள்ள முடியும். ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடித்திருப்பார். பாதியில் கூடிப் பேசுவது 'பிரனேசி'யைக் கெடுக்கும், இதற்கோ துணை செய்யும்.

ஆகவே என் பரிந்துரை 'எ மெமரி கால்டு எம்பயர்'. முதல் மாதத்துக்கு நூலின் சரிபாதி போதும். பின்னாலிருக்கும் சொற்பட்டியலைப் புரட்ட வேண்டாம். முக்கியமான பெயர்கள் பன்னிரண்டை ஒரு தாளில் தமிழில் எழுதி எல்லோருக்கும் தருகிறேன், அதைப் பக்க அடையாளமாகவே வைத்துக்கொள்ளலாம்.

இது நன்றாக அமைந்தால் அதற்கடுத்த சுற்றுக்கு இலங்கை எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' நாவலை எடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். 2023இல் வெளிவந்து, ஹியூகோவைப் போலவே இந்த வகை எழுத்துக்கு உரிய நெபுலா விருதை அந்த ஆண்டுக்காகப் பெற்ற நூல். பிறந்தவுடன் தாயால் நிழல் பிடுங்கப்பட்டு, புனிதராகப் போற்றப்படும் தந்தையைக் கொல்வதற்கென்றே வளர்க்கப்படும் மகனின் கதை அது. கலவரங்களும் முகாம்களும் அடையாளத் தாள்களும் நிறைந்த அந்த நகரம் நமக்கு அந்நியமாக இராது. ஆனால் இந்த வகை எழுத்துக்குக் கொஞ்சம் பழகியபின் அதற்குப் போவதே நல்லது.

'பிரனேசி'யை விட்டுவிட எனக்கு மனமில்லை. என் பிரதியை ஒருவர் படித்து முடித்ததும் அடுத்தவரிடம் கொடுக்கட்டும்; ஏழாமவர் முடிக்கும்வரை அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது. முதலில் செவிலியர் அக்காவிடம் கொடுக்கப்போகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு வார்டு அடங்கியபின் அவருக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்.